பால் மறக்கும் வரை

மழை விட்டும் விடாத ஒரு பிற்பகலில், பசறையிலிருந்து மேலே போகும் வண்டிப்பாதையில் இப்றாஹீம் நானாவின் மாட்டுவண்டி முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. பாதைக்கு ஒரு பக்கம் தேயிலை. மறுபக்கம் மூடுபனி. அந்த மூடுபனிக்குள் என்ன இருக்கிறதென்று உற்றுப் பார்க்கப் பார்க்க, அதுவும் தன்னை உற்றுப் பார்ப்பதுபோல அங்கம்மாவுக்குத் தோன்றியது. அவள் முந்தானையை இழுத்து மடியில் கிடந்த பிள்ளையின் முகத்தை மூடினாள்.

ரயில் பண்டாரவளையோடு நின்றிருந்த காலம் அது. அதற்கு அப்பால் ஊவாவில் எங்கே போவதென்றாலும் காலும் மாடும்தான். மொனராகலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து அங்கம்மாவும் அவள் புருஷன் வீரய்யாவும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தார்கள். அந்தத் தாழ்நிலத்தில், பால் வடியும் மரங்களுக்கு அடியில், இரண்டு பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். இரண்டையும் கொண்டுபோனது குளிர்காய்ச்சல். மூன்றாவது பிறந்து, கழுத்து நின்று, சிரிக்கப் பழகியபோது, இனி ஒரு மழைக்காலத்தை இங்கே கழிக்கக் கூடாது என்று அங்கம்மா ஒற்றைக் காலில் நின்றாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் இராசையா கங்காணி ஆள் தேடி வந்தார். வெள்ளைத் தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, இரங்கிய குரல்.

"மேல வந்துருங்க. குளிர் ஊரு. கொசு கெடையாது, காய்ச்சல் கெடையாது. மூலைக் காம்பிரா சும்மா கெடக்கு. பின்னால கீரை கிழங்கு போட்டுக்க நெலம். எங்க லயத்துல புள்ளைங்க சாகிறதில்ல."

கடைசியாகச் சொன்னதை அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"புள்ள இன்னும் பால் குடிக்குதில்ல?"

"குடிக்குதுங்க" என்றாள் அங்கம்மா.

"நல்லது" என்றார் கங்காணி.

இந்தக் கதையை வழியில் வீரய்யா சொல்லக் கேட்டபோது, வண்டியோட்டி இப்றாஹீம் நானா தார்க்குச்சியை மடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, இந்தப் பாதையில நான் எத்தனையோ குடும்பத்த ஏத்தி இரிக்கேன். கங்காணிமார் கை பலத்தப் பாப்பாங்க, முதுகு பலத்தப் பாப்பாங்க. புள்ள பால் குடிக்கிதான்னு விசாரிச்ச கங்காணிய இப்பதான் கேள்விப்படுறேன்."

"நல்ல மனுசன் ஒருத்தர் புள்ளய விசாரிச்சா அதுலயுமா குத்தம், நானா?"

"குத்தம் செல்லல்ல தம்பி. எனக்கு வெளங்கல்ல, அவ்வளவுதான்."

தோட்டத்து வரிசை வீடுகளான லயம் கண்ணுக்குத் தெரிகிற வளைவில் அவர் வண்டியை நிறுத்திவிட்டார். மாடு இதற்கு மேல் ஏறாது என்றார். மாடுகள் வாலைச் சுழற்றிக்கொண்டு தெம்பாகத்தான் நின்றன.

*

லயத்தின் கடைசி அறையான மூலைக் காம்பிரா சாணம் மெழுகி, சுத்தமாக இருந்தது. அடுப்பில் யாரோ நெருப்பு மூட்டி வைத்திருந்தார்கள். இப்படி ஒரு காம்பிராவை, அதுவும் ஒற்றைச் சுவரே பொதுவான காம்பிராவை, எப்படி யாரும் எடுக்காமல் விட்டார்கள் என்று அங்கம்மா யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள்.

அவர்கள் அங்கம்மாவைப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்த்தார்கள்.

"கொண்டா தாயி, ஒரு தடவ தூக்கிப் பாக்குறேன்." பக்கத்துக் காம்பிராக்காரி மூக்காயி பிள்ளையை வாங்கி, கையால் எடை பார்ப்பதுபோல ஏந்தினாள். "கனமாத்தான் இருக்கா. பல்லு மொளைக்கல இன்னும்."

"பொம்பளப் புள்ளையா?" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

"எதுவா இருந்தா என்ன" என்றாள் இன்னொருத்தி. மூக்காயி அவளைத் திரும்பி ஒரு பார்வை பார்க்க, அவள் வாயை மூடிக்கொண்டாள்.

இதற்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள் என்று அங்கம்மா கேட்டாள். "ஊருக்குப் போயிட்டாங்க" என்று மூன்று பேர் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

கங்காணி சொன்னதில் பொய் இல்லை. காற்றில் குளிர் இருந்தது, கொசு இல்லை. விடியலில் தப்பு அடித்ததும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் போய் நின்றால், வரிசையில் நிற்கிற முகம் எதிலும் காய்ச்சல் மஞ்சள் இல்லை. பின்னால் கீரைக்கு மண் கொத்தினான் வீரய்யா, கொத்தும்போது சீட்டியடித்தான். அவன் சீட்டியடித்து அங்கம்மா கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. தேயிலை மலைக்கு மேலே, காடும் இல்லாமல் தோட்டமும் இல்லாமல், மானாப்புல் மண்டிய சரிவு ஒன்று வானம் வரைக்கும் கிடந்தது. காற்றடிக்கும்போது அந்தப் புல் ஒரு பக்கமாகச் சாயும். காற்றில்லாதபோதும் சில வேளை சாயும். அதை அவள் மட்டும்தான் கவனித்தாள்போல.

ஒரு நாள் மத்தியானம் கொழுந்தை எடைபோட்டுவிட்டு எல்லோரும் மர நிழலில் உட்கார்ந்திருந்தபோது, அங்கம்மா வேறொன்றைக் கவனித்தாள். மூக்காயியின் மகன் ஓடி வந்தான். முன்பல் விழுந்து முளைக்கிற வயது. கையில் உண்டிவில். வந்தவன் அம்மாவுக்கு முன்னால் மண்டியிட்டு, முந்தானையை விலக்கிப் பால் குடித்துவிட்டு, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு ஓடிப்போனான். அந்தப் பக்கம் இன்னொரு தாயிடம் அதே வயதில் ஒரு பெண். அதற்கும் அப்பால் இன்னொருத்தன்.

அங்கம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்னக்கா, மீசை மொளைக்கிற வரைக்கும் குடுக்கிறதா உத்தேசமா?"

யாரும் சிரிக்கவில்லை.

"எங்க பழக்கம்" என்றாள் மூக்காயி, கொழுந்துக் கூடையைத் தூக்கி முதுகில் மாட்டிக்கொண்டே.

*

கார்த்திகை மழையில் பிள்ளைக்கு உடம்பு சுட்டது.

முதலில் இருமல். பிறகு பால் குடிக்கும்போதே கண் செருகியது. அந்தச் சூட்டை அங்கம்மாவுக்குத் தெரியும். இரண்டு தடவை அதே சூட்டை நெஞ்சோடு அணைத்திருக்கிறாள். தோட்டத்துக் கசப்பு மருந்தைப் பிள்ளை துப்பிவிட்டது.

மூக்காயி வந்து நிலைப்படியில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"ரெண்டக் குழியில போட்டவதானே நீ? மூணாவத ஏன் இன்னும் ஒன்னுதுன்னு வச்சிருக்க? தவுட்டுக்கு வித்துடு புள்ள."

அங்கம்மாவுக்கு அந்த வழக்கம் தெரியும். பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையை ஒரு முறம் தவிட்டுக்கு இன்னொருத்தியிடம் விற்றுவிடுவார்கள். எமன் வந்தால், இந்த வீட்டில் பிள்ளை இல்லை, இது வேறு ஒருத்தியின் பிள்ளை, பெற்றவள் வெறும் வளர்ப்புக்காரி என்று ஏமாந்து திரும்புவான். வாங்கியவள் பிள்ளையைத் திருப்பிக் கையில் கொடுத்து, 'என் புள்ளயப் பாத்துக்க' என்பாள். அவ்வளவுதான். தவிட்டான், தவிட்டம்மா என்று பேர் வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் கிழவர்களாகி வாழ்ந்திருக்கிறார்கள்.

"நீயே வாங்கிக்கயேன் அக்கா."

"நான் கூடாது." மூக்காயி அவசரமாகப் பின்வாங்கினாள். "எனக்கும் போயிருக்கு. ராசியான ஆளு வேணும். வரும். நீ மனசுல நெனச்சுக்க, போதும். ஆளு வரும்."

மறுநாள் லயமே வேலைக்குப் போயிருந்தது. மழை நின்று, பனி வாசல் வரை இறங்கியிருந்தது. அங்கம்மா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அடுப்படியில் இருந்தாள். காலடிச் சத்தம் கேட்கவில்லை. ஒரு வாசம்தான் முதலில் வந்தது. மானாப்புல்லைக் கையில் கசக்கினால் வருகிற, எலுமிச்சை கலந்த பச்சை வாசம்.

நிமிர்ந்தால், வாசலில் ஒரு பெண்.

ஈரச் சேலை. முக்காடு நெற்றி வரை இறங்கியிருந்தது. கையில் முறம், முறத்தில் தவிடு.

"புள்ள விக்கிறியாமே?"

தணிந்த, அடைத்த குரல். வெகு நாளாகப் பேசாத தொண்டைபோல. மூக்காயி சொல்லி அனுப்பிய ஆள் என்று அங்கம்மா நினைத்தாள். பிள்ளை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. வேறெதையும் நினைக்க அவளுக்கு நேரமில்லை. எழுந்து போய் முந்தானையை விரித்தாள். தவிடு அதில் கொட்டியது. ஒரு பொட்டுச் சூடும் இல்லாத தவிடு. மண்ணுக்கடியிலிருந்து எடுத்ததுபோலக் குளிர்ந்திருந்தது.

பிள்ளையை நீட்டினாள். அந்தப் பெண் வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டாள். திருப்பிக் கொடுக்கவில்லை.

"பால் மறக்கிற வரைக்கும் நான் வளத்துத் தர்றேன்" என்றாள் அங்கம்மா, தவிட்டுக்கு விற்கிறவள் சொல்ல வேண்டியதென்று அம்மா வழியாகக் கேட்ட பழைய வார்த்தைகளை நினைவுக்குக் கொண்டுவந்து. "புள்ள ஒங்களுதுதான்."

"என்னுதுதான்" என்றாள் அவள்.

பிள்ளை திரும்பக் கைக்கு வந்தபோது அதன் உடம்பில் சூடு இல்லை. அழுதுகொண்டே பாலுக்கு முட்டியது. அங்கம்மா குனிந்து பால் கொடுத்துவிட்டு நன்றி சொல்ல நிமிர்ந்தாள்.

வாசலில் பனிதான் நின்றது.

*

தவிட்டம்மா என்று பேர் வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை ஒரு தும்மலும் தும்மவில்லை.

லயத்துப் பெண்கள் சட்டென்று குதூகலமாகிவிட்டார்கள். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது பாட்டும் கேலியுமாக இருந்தது. ஒரு காலையில் அங்கம்மா குடத்தோடு போனபோது, மூக்காயி அம்மிக்கல்லில் வேப்பிலை அரைத்துக்கொண்டிருந்தாள். அரைத்ததை மாரில் பூசிக்கொண்டாள். அவள் மகன் வாய் வைத்துவிட்டு, "த்தூ, கசக்குது!" என்று கத்தினான். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடுத்தடுத்த காம்பிராக்களிலும் அம்மிச் சத்தம் கேட்டது. ஆறு, ஏழு வயது வரை குடித்த பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே வாரத்தில் பால் மறக்கடித்தார்கள்.

அங்கம்மா சிரிக்கவில்லை. குடம் நிரம்பி வழிந்தது அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குள் அவளுக்கு வேறு சில சந்தேகங்களும் வந்திருந்தன. வேலை முடிந்து பிள்ளைக்காம்பிராவிலிருந்து பிள்ளையைத் தூக்கி வரும்போது, அதன் தலை வாரி, நடு வகிடு எடுக்கப்பட்டிருக்கும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடம் கேட்டால், "எனக்கு இருக்கிற வேலையில தல வேற வாருவேனாக்கும்" என்பாள். பிள்ளையின் உள்ளங்கைகளில் புல் வாசம். தொட்டிலில் தனியாகக் கிடக்கும்போது யாரையோ பார்த்துக் கையைக் கையை ஆட்டும்.

அவள் மூக்காயியின் கையைப் பிடித்துப் பீலிக்குப் பின்னால் இழுத்துப்போனாள்.

"நீ அனுப்புன பொம்பள எந்த லயம்?"

"நான் யாரையும் அனுப்பலயே."

"பொய் சொல்லாத அக்கா. ஒம் புள்ளமேல சத்தியமாச் சொல்லு. யாரு அவ?"

பிள்ளையின் பேரைச் சொன்னதும் மூக்காயியின் முகம் செத்துவிட்டது. சுற்றிலும் பார்த்தாள். குரல் காற்றாக வந்தது.

"ஒங்க காம்பிராவுல இருந்தவதான். புள்ள பெறாதவ. பெறாததால ஒண்ணையும் எழக்கல. அதான் ராசின்னு, பேதி வந்த வருசம் நாங்க எல்லாரும் எங்க புள்ளைங்கள அவகிட்டதான் தவுட்டுக்கு வித்தோம். வித்த புள்ள ஒண்ணும் சாகல. அவதான் செத்தா. பேதியிலதான். மானாப்புல்லுல கொண்டுபோய்ப் பொதைச்சாங்க. பேதிக்குப் பயந்து ஒரு புள்ளயக்கூட நாங்க வெளிய விடல. அத்தன புள்ளைக்காரி... ஒரு புள்ள அவ பின்னாடி நடக்கல."

"அப்புறம்?"

"அப்புறம், மொதல்ல பால் மறந்த புள்ள, தானா எந்திரிச்சு மேல நடந்து போயிருச்சு. அடுத்ததும் போயிருச்சு. தேடுனோம். புல்லுதான் சாஞ்சு கெடந்துச்சு. அன்னைலேருந்து யாரும் பால் மறக்கடிக்கல. புதுசா ஒண்ணு அவ கைக்குப் போனா பழசுகள விட்டுருவான்னு..."

அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியிருக்கவில்லை. சுத்தமாக மெழுகிய காம்பிரா, மூட்டிவைத்த அடுப்பு, கங்காணியின் அந்த ஒரே கேள்வி, எல்லாம் அங்கம்மாவின் கண்முன் வரிசையாக வந்து நின்றன.

"எங்களக் கூட்டிட்டு வந்ததே அதுக்குத்தானா?"

மூக்காயி அழுதாள். "ஒனக்கு ஒரு புள்ள தாயி. எங்களுக்கு லயம் பூரா."

*

அன்று மாலையே புறப்படலாம் என்றாள் அங்கம்மா. வீரய்யா முதலில் கத்தினான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து மூட்டை கட்டினான். வெளிச்சம் இருக்கும்போதே குறுக்குப் பாதையில் இறங்கினார்கள். யாரும் தடுக்கவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

தோட்டத்து எல்லையில் ஒரு ஓடை. வீரய்யா மூட்டையோடு தாண்டினான். அங்கம்மா பிள்ளையோடு தாண்டினாள்.

அக்கரையில் கால் வைத்ததும் பிள்ளை சுட்டது.

பாறை வெயிலில் சுடுவதுபோலச் சுட்டது. கண் செருகியது. அதே இருமல். வீரய்யா தொட்டுப் பார்த்து, கையை உதறினான். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திரும்ப ஓடையைத் தாண்டினாள். பிள்ளை குளிர்ந்தது, அவள் மூக்கைப் பிடித்துச் சிரித்தது.

மறுபடியும் அக்கரை. மறுபடியும் சூடு.

வீரய்யா மூட்டையை இறக்கி அதன்மேல் உட்கார்ந்துவிட்டான். கீழே காய்ச்சல் நாடு, இரண்டு புதைமேடுகளோடு. மேலே லயம். இருட்டுவதற்குள் அவர்கள் மேலேயே ஏறினார்கள். அடுப்பில் அப்போதும் நெருப்பு இருந்தது.

அதன்பிறகு அங்கம்மா பாலை ஒரு விளக்கைப்போலப் பாதுகாத்தாள். பூண்டு, முருங்கைக்கீரை, கருவாடு, பால் ஊறும் என்று யார் எதைச் சொன்னாலும் தின்றாள். தவிட்டம்மாவுக்குப் பல் முளைத்துக் கடித்தபோதும் கொடுத்தாள். நடந்தது, ஓடியது, பேசப் பழகியது, அப்போதும் கொடுத்தாள். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் அம்மை வந்து சிறுசுகளை அள்ளிக்கொண்டு போனது. தவிட்டம்மாவின் தோலில் ஒரு கொப்புளம் இல்லை. பாதுகாப்பான இடம்தான். அங்கம்மா கேட்டு வந்தது கிடைத்திருந்தது.

அப்போதுதான் அவளுக்கு மறுபடி வயிற்றில் தங்கியது. மாதங்கள் ஏற ஏற, மார் வற்றத் தொடங்கியது.

கங்காணிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"பசறையில ஒரு புருசன் பொஞ்சாதி வேலை தேடி நிக்கிறாங்க. கைப்புள்ளக்காரி. நீ சரின்னு சொல்லு அங்கம்மா. ஒங்கள நடுக் காம்பிராவுக்கு மாத்திட்டு, இத அவங்களுக்குக் குடுத்துடறேன்."

தவிட்டம்மா அங்கம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு நின்றது. சரி என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. வண்டியில், மூட்டைகளுக்கு நடுவே, முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூடிக்கொண்டு வரப்போகிற ஒருத்தியை அவள் பார்த்தாள்.

"அவளும் எங்கயோ ரெண்டப் பொதைச்சுட்டுத்தான் வருவா, கங்காணி அய்யா" என்றாள். "எங்க காம்பிரா எங்களுக்கே இருக்கட்டும்."

"அப்ப ஒம் புள்ள?"

"அத நான் பேசிக்கிறேன்."

"யாருகிட்ட?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கங்காணி விறுவிறுவென்று இறங்கிப்போனார்.

*

பால் முழுதாக நின்றுபோன அன்று, பிள்ளையை வீரய்யாவிடம் விட்டு, கதவை உள்ளே தாழ் போடச் சொல்லிவிட்டு, அங்கம்மா மேலே நடந்தாள். நல்ல பகல். ஆனால் கடைசித் தேயிலை வரிசை முடிந்த இடத்தில் பனி தொடங்கியது. மானாப்புல் அவள் தோளுக்கு மேலே நின்றது. நனைந்த புல் முகத்தில் உரசியது, விரல்களைப்போல.

அந்தப் பெண்ணைப் புதைத்த மேட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. தேடத் தேவை இருக்கவில்லை. ஓரிடத்தில் புல் வட்டமாகச் சாய்ந்து கிடந்தது. யாரோ சற்று முன்வரை உட்கார்ந்திருந்ததுபோல.

காற்று நின்றது.

"பால் வத்திப்போச்சு" என்றாள் அங்கம்மா.

வாசம் மட்டும் நெருங்கியது.

"புள்ள ஒன்னுதுதான். நான் இல்லேங்கல. வித்தது வித்ததுதான்." வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா அது சின்னது. அதுக்குக் கூரை வேணும், சோறு வேணும், படுத்தா போத்திவிட ஆள் வேணும். இந்த மலையில நீ என்ன வச்சிருக்க, சொல்லு? நனையிறதுக்கு நீ ஒருத்தி போதாதா?"

வலப்பக்கம் புல் சாய்ந்தது.

"அத இங்க கூப்பிடாத. நீ வா. ஒன் காம்பிராதானே அது. நான் வேலைக்காரியா இருந்து வளக்குறேன். நீ கூட இரு. ஒன்னைய யாரும் வெளிய வச்சுப் பூட்ட மாட்டாங்க. நான் சொல்றேன், வா."

திரும்பி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது.

புல் விலகும் சத்தம், அவள் அடிக்கு ஓர் அடி.

தேயிலைக்குள் வந்ததும் சத்தம் நின்றது. ஈரமண்ணில் பாதம் பதியும் சத்தம் தொடங்கியது.

வீரய்யா தாழைத் திறந்தான். அங்கம்மா உடனே உள்ளே போகவில்லை. வாசலில் ஒதுங்கி நின்று, யாருக்கோ வழி விட்டாள். அடுப்பு நெருப்பு ஒருமுறை படுத்து எழுந்தது.

"யாரு வந்தா?" என்றான் வீரய்யா.

"வீட்டுக்காரி" என்றாள் அங்கம்மா.

அதன் பிறகு தவிட்டம்மா பால் கேட்கவில்லை. மலையைப் பார்த்து நடக்கவும் இல்லை. லயத்துப் பெண்கள் ஒரு மாதம் பார்த்தார்கள், இரண்டு மாதம் பார்த்தார்கள். பிறகு மூக்காயிதான் முதலில் வந்து அங்கம்மாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எப்படி நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. நிலைப்படி தாண்டி யாரும் உள்ளே வரவும் இல்லை.

வலி கண்ட அன்று மட்டும் மூக்காயி பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். மழைக் காலைப்பொழுது. வீரய்யா தவிட்டம்மாவைத் தூக்கிக்கொண்டு வெளியே நின்றான். அங்கம்மா வலி தாங்காமல் பின்னால் சாய்ந்தாள். இரண்டு கைகள் அவளை அக்குளுக்கடியில் பிடித்துத் தாங்கின. பலமான கைகள். அந்தக் கைகளில் உடம்பைக் கிடத்தித்தான் அவள் பெற்றாள்.

ஆண் பிள்ளை. மூக்காயி துடைத்துக் கையில் கொடுத்தாள்.

"நீ பின்னால புடிச்சுக்கிட்டதாலதான் தாங்குனேன் அக்கா" என்றாள் அங்கம்மா.

மூக்காயி கையில் ரத்தத்துணியோடு அப்படியே நின்றாள். "நான் முன்னாலதானே புள்ள இருந்தேன்" என்றாள். பிறகு துணியைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

தவிட்டம்மா ஓடி வந்து பாயோரம் குந்தியது. தலை புதிதாக வாரி, நடு வகிடு நேராக இருந்தது. மூச்சில் வெதுவெதுப்பான பால் வாசம். தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தது. அங்கம்மா அதை இழுத்து அணைத்தாள். உயிரோடு, கொழுகொழுவென்று, சூடில்லாமல் இருந்தது பிள்ளை. அவளுக்கு அழுகை வந்தது.

"தம்பிடா கண்ணு. ஒந்தம்பி. அம்மாகிட்ட வா."

தவிட்டம்மா மெதுவாக அவள் கையை விலக்கிக்கொண்டது.

"தம்பிக்குத்தான் நீ அம்மாவாம்" என்றது, சமாதானம் சொல்வதுபோல. "அம்மா சொல்லுச்சு."

சொல்லும்போது அது அங்கம்மாவைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால், சற்று உயரத்தில், யாரையோ பார்த்துச் சிரித்தது.